ரயில் நேரத்துக்கு வந்த கதை

ஆரணிக்குள் ரயில் வராது. 'ஆரணி சாலை' என்று பலகை மாட்டிய ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். அங்கே இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் ஊருக்கு வர வேண்டும். திண்டிவனம்–நகரி பாதை போட்டால் ஊருக்கே ரயில் வரும் என்ற பேச்சும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. ஆனாலும் டீக்கடையில் அரசியல் சூடேறினால் பேச்சு கடைசியில் ரயிலில்தான் போய் நிற்கும். "எமர்ஜென்சில ரயிலு டயத்துக்கு வந்துதுண்ணா. பத்து மணிக்கு ஆபீசுல ஆளு சீட்டுல இருந்தான். ஒருத்தன் கையில சாட்டையக் குடுத்தாத்தான் இந்த நாடு சரிப்படும்." சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். மறுத்துப் பேச யாரும் வாயெடுப்பதில்லை.

இது ஆரணிக்காரர்கள் மட்டும் சொல்வதும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2023இல் 24 நாடுகளில் ஒரு கேள்வி கேட்டது. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் குறுக்கே வராமல் வலுவான ஒரு தலைவர் ஆண்டால் எப்படி இருக்கும் என்பது கேள்வி. நன்றாக இருக்கும் என்று சொன்ன இந்தியர்கள் 67 சதவீதம், அதாவது மூன்றில் இரண்டு பேர். டீக்கடையில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்ட, மூன்றாமவர் சும்மா இருக்கிற அதே கணக்கு.

இந்தப் பேச்சுக்குள் ஒரு துணைப் பேச்சும் ஒளிந்திருக்கிறது. "ரஷ்யாவுல எவன் ஆண்டா என்ன, சீனாவுல எவன் ஆண்டா என்ன? அது அவங்க வீட்டு விஷயம்." சர்வாதிகாரம் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். கொடுமை என்றால் அது அந்த ஊர் மக்களுக்கு, நமக்கென்ன என்று. இந்த இரண்டாவது பேச்சு முதலாவதைவிடப் பெரிய தப்பு. தட்டிக் கேட்க ஆளில்லாமல் செய்துவிட்ட ஆட்சியாளர் தன் எல்லைக்குள் அடங்கி இருப்பது அபூர்வம். அவர் செலவுக் கணக்கு ஊர் ஊராக வந்து சேரும். பட்டு நெய்யும் ஆரணியின் தறிக்குழிவரை வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் அந்த ரயிலைப் பார்த்துவிடலாம். அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. முசோலினி ஆட்சியில் இத்தாலி ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்பதுதான் இந்த வகைப் புகழ்ச்சிக்கெல்லாம் மூத்த பாட்டி. அவர் பதவிக்கு வந்தது 1922இல். முதல் உலகப் போரில் சிதைந்த ரயில்வேயைச் சீர் செய்யும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பெயர் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் காலத்தில் தாமதமாக வந்த ரயில்களைப் பற்றி எழுத அங்கே சுதந்திரமான பத்திரிகை இல்லை. 1935இல் அவர் எத்தியோப்பியாமீது படையெடுத்தார், விஷவாயுவும் போட்டார். 1940இல் ஹிட்லரோடு சேர்ந்து நாட்டையே உலகப் போரில் இறக்கிவிட்டார். நேரத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் ரயில்களில் ஏறிப் போனவர்கள் சிப்பாய்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 21 மாதம் நீடித்தது. விசாரணையில்லாமல் உள்ளே போனவர்கள் லட்சத்துக்கும் மேல். 1976–77 என்ற ஒரே ஆண்டில் நாடெங்கும் நடந்த கருத்தடை அறுவைகள் 80 லட்சத்தைத் தாண்டின. அதில் மனமுவந்து படுத்தவர்கள் எத்தனை பேர், மிரட்டிப் படுக்க வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதைப் பின்னாளில் ஷா கமிஷன் துருவ வேண்டியிருந்தது. ஒருவரை அரசு சட்டவிரோதமாகக் கொன்றாலும் இப்போது நீதிமன்றத்தை அணுக முடியாதா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது, அரசின் தலைமை வழக்கறிஞர் முடியாது என்றே ஒப்புக்கொண்டார். 1976 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசுப் பக்கம் தீர்ப்பெழுதினார்கள். எதிர்த்து எழுதிய எச்.ஆர்.கன்னாவுக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி வராமல் போனது.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கைதானவர்கள் யார் யார் என்று செய்தி போடத் தணிக்கை விடாது. அதனால் பிப்ரவரி 3 அன்று, அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று 'முரசொலி' ஒரு பெயர்ப் பட்டியல் வெளியிட்டது. ஊர் புரிந்துகொண்டது. அந்தப் பத்திரிகை மொழியை ரசிக்கலாம். அப்படி எழுத வேண்டி வந்ததை ரசிக்க முடியாது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். சென்னையின் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சிட்டிபாபு அந்தச் சிறைவாசத்தின் விளைவாக 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்து, அடி விழுந்தது உண்மை என்றது. ஆபீசில் பத்து மணிக்கு ஆள் இருந்தது என்கிறவர்கள், சிறையிலும் ஆள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

சாட்டை ஆதரவாளர்கள் இந்த இடத்தில் ஒரு சீட்டைப் போடுவார்கள். போட வேண்டிய சீட்டுதான். 1977 தேர்தலில் வடக்கே இந்திராவைத் தோற்கடித்தார்கள், தமிழ்நாடு காங்கிரஸ்–அ.தி.மு.க. கூட்டணிக்கு 39இல் 34 இடங்களைக் கொடுத்தது. கருத்தடைக் கெடுபிடி வடக்கின் அளவுக்கு இங்கே இல்லை என்பது ஒரு காரணம். எம்.ஜி.ஆர். இன்னொரு காரணம். நடந்ததெல்லாம் எல்லோர் காதுக்கும் எட்டவில்லை என்பது மூன்றாவது. தணிக்கையின் வேலையே அதுதானே. 'அப்போது ஒன்றும் நடக்கவில்லையே' என்று ஒருவர் நினைவிலிருந்து சொன்னால், தணிக்கை நன்றாக வேலை செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. இந்திரா எதற்காக 1977இல் தேர்தல் வைத்தார்? வெல்வோம் என்று நம்பினார் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. அவரிடம் வந்த அறிக்கைகள் எல்லாம் நாடு மகிழ்ச்சியாக இருக்கிறது என்றன. பத்திரிகைகளின் வாயைக் கட்டியவர், அதே கயிற்றால் தன் காதையும் கட்டிக்கொண்டார். அவருக்கு அதனால் போனது பதவி. வேறு நாடுகளில் இதே செவிட்டுத்தனம் போராக வெடித்திருக்கிறது.

எப்படி வெடிக்கிறது என்பதற்கு ஓர் அறையைக் காட்டினால் போதும். 1979 ஜூலை 22, பாக்தாத்தில் ஒரு மண்டபம். ஆறு நாள் முன்புதான் சதாம் உசேன் ஈராக்கின் அதிபராகியிருந்தார். பாத் கட்சியின் மூத்தவர்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சதாம் மேடையில் சுருட்டுப் பிடித்தபடி இருக்க, துரோகிகள் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. பெயர் வந்தவரைக் காவலர்கள் வெளியே கொண்டுபோகிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெயர் வராமல் மிஞ்சியவர்கள் எழுந்து நின்று சதாமுக்கு வாழ்த்துக் கோஷம் போட்டார்கள். யாரோ ரகசியமாகப் பிடித்த படம் இல்லை இது. படம் எடுக்கச் சொன்னதே சதாம்தான். நாடே பார்க்க வேண்டும் என்று.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யார் எழுந்து 'வேண்டாங்க' என்று சொல்வார்கள்? மறு ஆண்டு செப்டம்பரில் ஈரான்மீது படையெடுத்தார். போர் எட்டு ஆண்டு நீண்டு, பல லட்சம் பேரைத் தின்று, ஓர் அங்குலம்கூடப் பெயராமல் முடிந்தது. கஜானா காலி. 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் புகுந்தார்.

தப்பைச் சுட்டிக் காட்ட ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்று தறி ஓட்டுபவருக்கு விளக்கவே வேண்டியதில்லை. ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையில் ஒரு துளை தப்பாகக் குத்தியிருந்தால், அந்தத் தப்பு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்து விழும். பூவின் ஓர் இதழ் கோணும், அடுத்த பூவிலும் கோணும். குழியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அது முதல் இரண்டு சுற்றிலேயே பட்டுவிடும். நாடாவை நிறுத்திவிட்டு அட்டை அடித்தவரைக் கூப்பிடுவார். கூப்பிட்டதற்காக அவரை யாரும் சுடுவதில்லை. அதனால் சேலை பிழைக்கிறது. பாக்தாதில் அட்டை தப்பு என்று சொல்லக்கூடியவர்களை முதல் மாதமே வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

குவைத் ஆரணிக்கு எவ்வளவு தூரம்? நினைப்பதைவிடக் கிட்டம். அங்கே வேலைக்குப் போயிருந்த ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் ஒரே மாதத்தில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். தமிழர்களும் மலையாளிகளும் அதில் கணிசம். பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் வந்து, அங்கிருந்து ஏர் இந்தியா நூற்றுக்கணக்கான நடைகளில் ஏற்றி வந்தது. அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. கச்சா எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த இந்தியாவுக்கு அது கடைசி அடி. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. அடகுக் கடைப் படி ஏறுவது என்னவென்று நெசவாளர் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த ஆண்டு நாடே படி ஏறியது. பழைய கடனை நம்மவர்கள்தான் வாங்கினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசியாகத் தள்ளிவிட்ட கை எந்த அறையிலிருந்து நீண்டது என்பதும் மறக்கக்கூடாது.

தங்கம் என்றால் ஜரிகை. வெள்ளிக் கம்பியைப் பட்டு இழைமேல் சுற்றி, தங்க முலாம் பூசி சூரத்திலிருந்து வருகிறது. உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் பணக்காரர்கள் முதலில் ஓடிப் போய் வாங்குவது தங்கம், விலை எகிறும். ஜரிகை விலை ஏறினால் சேலை விலை ஏறும், கல்யாண வீட்டார் ஒரு சேலையைக் குறைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஹாஃப் ஃபைன் ஜரிகை போட்டதே போதும் என்பார்கள். சுற்றிச் சுற்றி அது வந்து விழும் இடம் 'இந்த மாசம் பாவு இல்லப்பா' என்று முதலாளி சொல்கிற ஒரு வாக்கியம். கொசப்பாளையத்திலும் தேவிகாபுரத்திலும் வேலையின்மை என்ற சொல் புழங்குவதில்லை. பாவு இல்லை, அவ்வளவுதான்.

எண்ணெயும் தங்கமும் தூரத்துக் கணக்கு என்றால், பக்கத்து நாடுகளைப் பார்க்கலாம். 1962 மார்ச்சில் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 'ஒழுங்கு வரும்' என்று அங்கேயும் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இரண்டே ஆண்டில் கடைகளெல்லாம் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வட்டிக்கடையும் வயலும் வைத்திருந்த, மூட்டை தூக்கிய, ஹோட்டல் நடத்திய தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். 1960களில் அப்படி வெளியேறிய இந்தியர்கள் ஏறக்குறைய 3 லட்சம். சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜார் அவர்களுக்கு ஒதுக்கிய இடம். ரங்கூனுக்கே திரும்பிப் போகலாம் என்று தரைவழி புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்ட தமிழர்களும் இருக்கிறார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு.

2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. நாடு உள்நாட்டுப் போரில் சிதறி, எல்லை ஊர்கள் ஆயுதக் கும்பல்கள் கைக்குப் போயின. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்து வதைக்கப்பட்டார்கள். 2022 அக்டோபரில் மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 'அவங்க வீட்டு விஷயம்' மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம்.

இலங்கையைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நீட்டி எழுத வேண்டாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வந்தது போரல்ல. 1978இல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை. 1979இல் மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று பயங்கரவாதத் தடைச் சட்டம். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். ஜனாதிபதி ஜெயவர்த்தனா தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். அதே 1982 டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தலை நடத்தாமல், இருக்கிற நாடாளுமன்றமே ஆறு ஆண்டு தொடரலாமா என்று வாக்கெடுப்பு வைத்துத் தொடர்ந்தார். ஏழே மாதத்தில் கறுப்பு ஜூலை. பிறகு கால் நூற்றாண்டுப் போர், இந்திய அமைதிப்படையில் உயிர்விட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், தமிழ்நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட அகதி முகாம்கள். சட்டப் புத்தகத்தில் கை வைத்தது எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்தது.

"ஜனநாயக நாடு சண்டை போடலியா? அமெரிக்காக்காரன் ஈராக்ல என்ன பண்ணான்?" என்று கேட்பார்கள். 2003 படையெடுப்பு பொய்க் காரணம் சொல்லி நடந்தது, வியட்நாமும் அப்படித்தான். இரண்டையும் நியாயப்படுத்த இங்கே ஒரு வரிகூடச் செலவழிக்கப் போவதில்லை. வித்தியாசம் எங்கே என்றால், நிறுத்தும் கட்டை அங்கே வண்டியோடு இருக்கிறது. வியட்நாம் பற்றிய ரகசிய ஆவணங்களை 1971இல் அமெரிக்கப் பத்திரிகைகளே வெளியிட்டன. உச்ச நீதிமன்றம் தடுக்கவில்லை. ஈராக்குக்குப் படை அனுப்பிய ஸ்பெயின் அரசை 2004 மார்ச்சில் மக்கள் தோற்கடித்தார்கள், புதிய அரசு படையைத் திருப்பிக்கொண்டது. 2013 ஆகஸ்டில் சிரியாமீது தாக்குதலுக்கு அனுமதி கேட்டுப் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்துக்குப் போனார். 285க்கு 272 என்று தோற்றார். எழுந்து, சபையின் விருப்பம் புரிந்தது என்றார், உட்கார்ந்தார். அவருடைய கட்சிக்காரர்களே எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். யாரையும் வெளியே கொண்டுபோகவில்லை.

ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1795இலேயே போட்ட கணக்கு இதுதான். போருக்கு வரி கட்டுகிறவனும் பிள்ளையை அனுப்புகிறவனும் சம்மதித்தால்தான் போர் என்றால், அவன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பான். தனி ஆளாக முடிவெடுப்பவனுக்கு விருந்தில் ஒரு கறி குறையப் போவதில்லை. கான்ட்டைப் படிக்காமலே ஆரணி இதைப் பார்த்திருக்கிறது. 1751 டிசம்பரில் கிளைவும் ராசா சாகிபும் இங்கே மோதினார்கள். 1782 ஜூன் 2 அன்று ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மறுபடி இங்கேயே மோதின. ஹைதரின் தானியமும் தளவாடமும் ஆரணிக் கோட்டையில் இருந்தன. கமண்டல நாகநதிக் கரையில் தறி போட்டிருந்த எவரிடமும் இரு பக்கத்தாரும் கேட்டுவிட்டு வரவில்லை.

அடுத்த சீட்டு சிங்கப்பூர். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர், சுத்தமான தெரு, லீ குவான் யூவின் கண்டிப்பு. கெடுபிடி அங்கே உண்டு, எதிர்க்கட்சிக்காரர்களை விசாரணையின்றி அடைத்ததும் உண்டு. ஆனால் தேர்தல் தவறாமல் நடந்தது, வணிக வழக்குகளில் நீதிமன்றத்தை உலகம் நம்பியது, லஞ்சத்தில் அமைச்சரும் தப்பவில்லை. 1990இல் லீ பிரதமர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு நகரத்தை வைத்துக்கொண்டு கண்டம் கண்டமாகக் கணக்குச் சொல்வது சரியா? மார்க்கோஸ், மொபுட்டு, இடி அமீன், பினோசே என்று எதிர்ப்பக்கப் பட்டியல் நீளும், டீ ஆறிவிடும்.

சீனாவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். மாவோ தனியொருவராக ஓட்டிய 1958–62 பாய்ச்சலில், அமோக விளைச்சல் என்று கீழிருந்து பொய்க் கணக்கு மேலே போக, கோடிக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். சீனா எழுந்தது அதற்குப் பிறகு, டெங் சியாவ்பிங் காலத்தில். 1982 அரசியல் சட்டத்தில் அதிபருக்கு இரண்டே தவணை என்று வரம்பு கட்டினார்கள். மாவோவைப் பார்த்துக் கற்ற பாடம் அது. அதாவது, சாட்டை ஒரே கையில் இருந்தபோது பஞ்சம், கை மாறும் என்று ஆனபோது வளர்ச்சி. 2018 மார்ச்சில் அந்த வரம்பை எடுத்தார்கள்: ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. இரண்டு ஆண்டில் கல்வான். 2020 ஜூன் 15 இரவு இறந்த 20 இந்திய வீரர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். தவணை வரம்பு போனதால்தான் கல்வான் என்று ஒற்றைக் கோடு போட முடியாது. ஆனால் எல்லையில் அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டால் பெய்ஜிங்கில் கேள்வி கேட்க இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த 2 பேரா? உள்நாட்டு விளைச்சல் போதாமல் சீனப் பட்டு நூலையும் வாங்கித்தான் இந்தியத் தறிகள் ஓடுகின்றன என்பதால், இது ஆரணி நூல் கடைக்கும் உரிய கேள்வி.

'கடுமையான தலைவர் ஒரே ராத்திரியில் முடிவெடுப்பார்' என்பதுதான் சாட்டைக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு. ஒரே ராத்திரி முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020 அக்டோபரில் இலங்கை ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச இருபதாவது திருத்தத்தால் அதிகாரத்தையெல்லாம் தன்னிடம் குவித்துக்கொண்டார். ஆறே மாதத்தில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. விவசாயத் துறை வல்லுநர்கள் கத்தினார்கள், காதில் ஏறவில்லை. நவம்பரில் தடையை விலக்குவதற்குள் நெல்லும் தேயிலையும் விழுந்துவிட்டன. 2022இல் நாடு திவாலானது. ஜூலையில் அவர் விமானமேறி ஓடினார். தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்பியது. அரிசி ஆலைகள் நிறைந்த ஆரணிக்கு 40,000 டன் என்றால் என்னவென்று தெரியும்.

அதே காலத்தில் இங்கே: ஜவுளிக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜனவரி 1 முதல் 5இலிருந்து 12 சதவீதமாகும் என்று அறிவித்திருந்தார்கள். சூரத் வணிகர்கள் கடையடைத்தார்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன. உத்தரப் பிரதேசத் தேர்தல் வாசலில் நின்றது. 2021 டிசம்பர் 31 அன்று கவுன்சில் கூடி உயர்வைத் தள்ளி வைத்தது. புத்தாண்டுக்குச் சில மணி நேரம் இருக்கும்போது! இது அழகான நிர்வாகம் இல்லைதான். இழுபறி, வாக்குக் கணக்கு, கடைசி நேரப் பதற்றம் எல்லாம் உண்டு. ஆனால் பட்டுச் சேலையின் தலையில் 7 சதவீதம் விழவில்லை. தேர்தலில் ஜெயித்தவர்களும் ஒரே ராத்திரிக்கு ஆசைப்படுவதுண்டு: 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு, புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதம் செல்லாது என்று சொன்னார்கள். கூலியை ரொக்கமாக வாங்குகிற தறிக்காரர் வங்கி வரிசையில் நின்றார். நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்கே திரும்பிவிட்டன. கேட்க ஆளில்லாத முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு மாதிரித் துண்டு. சாட்டை கேட்பவர்கள் கேட்பது முழுச் சேலை.

தேர்தலே இல்லாத நிர்வாகம் எப்படி இருக்கும் என்பதையும் ஆரணி பார்த்தாயிற்று. 2011இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தல் வழக்கில் நின்றது, நின்றபடியே போனது. கிராமங்களுக்கு 2019 டிசம்பர் கடைசியில்தான் தேர்தல் வந்தது. நகராட்சிகளுக்கு அப்போதும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆரணி நகராட்சியைத் தனி அலுவலர்தான் நடத்தினார். கவுன்சிலர் இல்லை, தலைவர் இல்லை, கமிஷன் இல்லை என்று டீக்கடைக்காரர்கள் கனவு கண்ட அதே நிர்வாகம். சாக்கடை அடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாத ஐந்து ஆண்டு அது. கவுன்சிலர் திருடராகவே இருக்கட்டும், அவர் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கும்பிட்டுக்கொண்டு வந்தாக வேண்டும்.

கடைசியில் 2022 பிப்ரவரி 19 அன்று நகராட்சித் தேர்தல் நடந்தது. வார்டு வார்டாகச் சண்டை, சீட்டுக் கிடைக்காதவர்களின் சுயேச்சைப் போட்டி, ஆட்டோவில் ஒலிபெருக்கி என்று வழக்கமான கூத்துகளோடுதான். இரண்டு நாள் கழித்து, 21ஆம் தேதி, மாஸ்கோவில் இன்னோர் அறையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 2020இல் சட்டத்தைத் திருத்தி 2036வரை பதவியில் இருக்க வழி செய்துகொண்ட புட்டின் ஒரு மேசையில். ரொம்ப தூரம் தள்ளி, அரைவட்டமாக அமைச்சர்களும் தளபதிகளும். ஒவ்வொருவராக எழுப்பி, கிழக்கு உக்ரைன் பகுதிகளைத் தனி நாடாக ஏற்கலாமா என்று கேட்கிறார். வெளிநாட்டு உளவுத் துறைத் தலைவர் நரிஷ்கின் தடுமாறுகிறார். 'தெளிவாகப் பேசு' என்று புட்டின் அதட்ட, பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவர் சொன்னதை மாற்றிச் சொல்லி உட்காருகிறார். வேண்டாம் என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. 22ஆம் தேதி ஆரணியில் வாக்கு எண்ணினார்கள். 24ஆம் தேதி அதிகாலை ரஷ்யப் படை எல்லையைத் தாண்டியது.

மார்ச் 2ஆம் தேதி ஆரணி நகராட்சியில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். அதே நாள் கார்கிவ் நகரத்தில் மாட்டிக்கொண்டிருந்த இந்திய மாணவர்களுக்குத் தூதரகம் அவசர அறிவிப்பு விடுத்தது: மாலை ஆறு மணிக்குள் நகரத்தை விட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள்.